'பெர்சுவேஷன்' நாவலைப் படித்தவர்கள் 2022 படத்தில் ஏன் ஏமாந்தார்கள்?

கேள்வி: திண்ணைவாசகி

எங்கள் வாசகர் வட்டத்தில் இம்முறை ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலை எடுத்துக்கொண்டோம். வட்டத்தில் பெரும்பாலோர் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக் காலத்திலிருந்தே காதல் நாவல்களை விரும்பிப் படித்து வருபவர்கள்; ஆங்கிலப் பழைய நாவல் என்ற தயக்கம் முதல் சில அத்தியாயங்களோடு கரைந்துவிட்டது. படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19 வயதில் ஃபிரெடெரிக் வென்ட்வொர்த் என்ற கடற்படை அதிகாரியை மணக்கச் சம்மதித்து, இறந்துபோன தாயின் இடத்தில் வைத்து மதித்த லேடி ரஸ்ஸலின் பேச்சைக் கேட்டு அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டவள் ஆன் எலியட். எட்டாண்டுகள் கழித்து, தந்தையின் கடனால் சொந்த வீடே வாடகைக்குப் போய்விட்ட நிலையில், அதே மனிதரை அவள் மறுபடி எதிர்கொள்கிறாள். அவர் இப்போது 25,000 பவுண்டு சொத்துள்ள கேப்டன். அவளோ குடும்பத்தில் யாரும் கருத்துக் கேட்காத 27 வயதுப் பெண்.

நாவலை முடித்த சூட்டோடு, 2022-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான திரையாக்கத்தை எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். கேரி கிராக்னெல் இயக்கம். ஆனாக டகோட்டா ஜான்சன், வென்ட்வொர்த்தாக காஸ்மோ ஜார்விஸ். பாதிப் படத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. முடிந்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர், "நாம் படித்த பெண் இவள் இல்லையே" என்றார். உடனே இன்னொருவர், புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார்க்கக் கூடாது, படத்தைப் படமாகத்தான் பார்க்க வேண்டும் என்று மறுத்தார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டதால் அன்று நான் வாய் திறக்கவில்லை.

கதையின் முக்கிய நிகழ்ச்சிகள் ஏறக்குறைய அப்படியே இருந்தும் நாயகி மட்டும் எப்படி வேறொருத்தியாகத் தெரிந்தாள்? எங்கள் ஏமாற்றம் வாசகரின் பிடிவாதம்தானா, அல்லது படத்திலேயே ஏதேனும் குறை இருக்கிறதா? 1995, 2007 ஆகிய ஆண்டுகளில் வந்த திரையாக்கங்களையும் பார்த்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். அடுத்த கூட்டத்தில் ஒன்றைத் திரையிட வேண்டியிருக்கிறது.

மறுமொழி: பழம்புத்தகம்

பிடிவாதம் என்று நான் கருதவில்லை. காதல் நாவலை ஊன்றிப் படித்தவர் படத்துக்குப் போகும்போது, காதலர் இருவருக்கும் நடுவே நின்ற தடை எது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறார். அந்தத் தடை திரையிலும் அசையாமல் நின்றால், நாயகியின் கூந்தல் நிறம் மாறினாலும், ஓர் ஊர் விட்டுப்போனாலும், இரண்டு பாத்திரங்கள் ஒன்றானாலும் அவர் பொறுத்துக்கொள்வார். 'பெர்சுவேஷ'னில் பணமும் அந்தஸ்தும் தடையாக இருந்தது எட்டாண்டுகளுக்கு முன்பு. கதை தொடங்கும்போது அவை இரண்டும் தீர்ந்துவிட்டன. எஞ்சியிருப்பது ஒன்றுதான்: இருவரும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள், ஒருவர் மனத்தை மற்றவர் அறிய வழியில்லை, அதைக் கேட்டுவிடும் உரிமையும் இருவருக்கும் இல்லை. நாவல் முழுவதையும் இந்த மௌனம் ஒன்றே தாங்கி நிற்கிறது.

ஒன்பதாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். நோயாளிக் குழந்தையின் அருகே ஆன் மண்டியிட்டுப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறாள். அவளுடைய தங்கையின் இரண்டு வயதுப் பிள்ளை முதுகில் ஏறித் தொங்கிக்கொண்டு இறங்க மறுக்கிறது. அவள் அதட்டுகிறாள், கெஞ்சுகிறாள், பலனில்லை. அந்த அறையில் இருக்கும் இன்னொருவர் வாயால் மட்டும் பிள்ளையைக் கண்டிக்கிறார். திடீரென்று பாரம் குறைகிறது. அவள் கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் விலக்கப்படுகின்றன. பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது வென்ட்வொர்த் என்று தெரிந்ததும் அவளால் நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. அவரும் அந்த நன்றியைக் கேட்க விரும்பாதவராய்ப் பிள்ளையோடு சத்தம் போட்டு விளையாடத் தொடங்கிவிடுகிறார். அடுத்த அத்தியாயத்தில், நெடுந்தூரம் நடந்து களைத்த அவளை அவர் பேச்சில்லாமல் தன் தமக்கையின் வண்டியில் ஏற்றிவிடுகிறார். அவளை மன்னிக்கவும் இயலாது, அவள் வருந்துவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் இயலாது என்ற அவருடைய நிலையை அவள் அந்த ஒரு செயலிலிருந்தே படித்துக்கொள்கிறாள். வாசகருக்கு இந்த நாவலில் காதல் காட்சிகள் இவைதாம்.

இப்போது 2022 படத்தின் ஆனைப் பாருங்கள். கையில் மதுக்கிண்ணத்தோடு நம்மைப் பார்த்துப் பேசுகிறாள், குடும்பத்தாரைக் கிண்டல் செய்கிறாள், உதட்டின்மேல் ஜாமைப் பூசி மீசை வைத்து விளையாடுகிறாள், தங்கையின் கணவர் முதலில் தன்னைத்தான் மணக்கக் கேட்டார் என்பதை விருந்து மேசையில் எல்லோர் முன்பும் போட்டு உடைக்கிறாள். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இவ்வளவு கூசாமல் பேசத் தெரிந்தவள் வென்ட்வொர்த்தின் முன்னால் மட்டும் ஏன் வாயடைத்துப் போக வேண்டும் என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. போதாக்குறைக்கு, லைம் கடற்கரையில் இருவரும் பழைய உறவைப் பற்றிப் பேசி, இனி நண்பர்களாக இருப்போம் என்று முடிவும் செய்துகொள்கிறார்கள். அங்கேயே கதை முடிந்துபோகிறது. பின்னால் வருவதெல்லாம் வெறும் கால தாமதம்.

தோற்றத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நாவலில் நாயகியின் முகம் கதைநகர்வின் ஒரு பகுதி. ஆனின் அழகு சீக்கிரமே வாடிவிட்டது என்று தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது, அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிட்டாள் என்று வென்ட்வொர்த் சொன்னதாகத் தங்கை மேரி அவளிடமே வந்து ஒப்பிக்கிறாள் (இந்த மேரியைப் போன்ற ஓர் உறவினர் இல்லாத குடும்பம் உண்டா?). பிறகு லைமில் கடற்காற்றுப் பட்டு அவள் முகத்தில் நிறம் திரும்புகிறது. வழியில் எதிர்ப்பட்ட ஒருவர் அவளை வியந்து பார்ப்பதை வென்ட்வொர்த் கவனிக்கிறார். அவருடைய பார்வையும் அந்தக் கணத்தில் மாறுகிறது. 1995-இல் ரோஜர் மிச்சல் பிபிசிக்காக இயக்கிய படத்தில், அமாண்டா ரூட் வெளிறிய முகமும் இழுத்து வாரிய தலையுமாகத்தான் அறிமுகமாகிறார். மெழுகுவத்தி வெளிச்சம், சேறு படிந்த பாவாடை ஓரம், ஒப்பனையற்ற முகங்கள். அதனால் பின்னால் அந்த முகம் மெல்ல மலரும்போது நமக்கும் தெரிகிறது. 2022 படத்தின் நாயகி முதல் காட்சியிலேயே மலர்ந்த முகத்தோடு நிற்கிறார். அதற்குமேல் எங்கே மலர்வது?

மறுமொழி: நிழற்பட்டறை

பழம்புத்தகம் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் திரைக்கதை எழுதுபவர் எதிர்கொள்ளும் சிக்கலை அவர் கொஞ்சம் எளிதாகக் கடந்துவிட்டார். நாவலின் கதைசொல்லி ஆனின் மனத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியேறுகிறார். அவள் நினைப்பு எது, கதைசொல்லியின் நையாண்டி எது என்று பிரித்தறிய முடியாதபடி ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து ஓடும். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. ஆனுக்கோ மனம்விட்டுப் பேச, கதையின் முதற்பாதியில் தோழியும் இல்லை. பின்னணிக் குரல், நாட்குறிப்பு, பார்வையாளரை நேரே நோக்குதல் என்று இருக்கிற வழிகள் சிலவே. 2007-இல் ஏட்ரியன் ஷெர்கோல்ட் இயக்கிய ஐடிவி படத்தில் சாலி ஹாக்கின்ஸும் சில இடங்களில் கேமராவை நேரே பார்க்கிறார், ஆனால் பேசுவதில்லை. அந்தப் பார்வையில் 'நீங்களாவது பார்த்தீர்களா' என்ற தவிப்பு மட்டும் இருக்கும். ஆகவே நேரே பார்க்கும் உத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை.

2022 படம் சறுக்கிய இடம் வேறு என்று நினைக்கிறேன். நாவலில் ஆனின் தந்தை சர் வால்டரின் தற்பெருமையையும் மேரியின் ஓயாத முனகலையும் குத்திக் காட்டுவது கதைசொல்லி. ஆன் அவற்றைக் கண்டு கூசுகிறாள், தனக்குள் சிரித்துக்கொள்ளவும் செய்கிறாள், ஆனால் பிறர் முன்னால் ஏளனம் செய்வதில்லை. ரான் பாஸும் ஆலிஸ் விக்டோரியா வின்ஸ்லோவும் எழுதிய திரைக்கதை, ஆஸ்டினின் குத்தலைத் தூக்கி ஆனின் வாயில் வைத்துவிட்டது. வீட்டாரைக் கேமராவிடம் கேலி செய்யும் ஒருத்தி, அதே வீட்டாருக்காக ஓடியாடி உழைப்பது பொறுமையாகத் தெரியவில்லை, பாசாங்காகத் தெரிகிறது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் எலிசபெத்துக்கு இந்த வாய்த்துடுக்கு பொருந்தும். ஆஸ்டின் நாயகி என்றாலே துடுக்குக்காரி என்ற எதிர்பார்ப்பு, நாவல்களைப் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்தவர்களிடம் வளர்ந்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் அந்தக் கூட்டத்தின் எதிர்பார்ப்பை நிறைவேற்ற முனைந்தார்கள் என்றே படுகிறது. வாசகர் என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது யாருடைய எதிர்பார்ப்பு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, உடையும் வீடும் குதிரைவண்டியும் 200 ஆண்டுப் பழமையோடு இருக்க, பேச்சு மட்டும் இன்றைய கைபேசி உரையாடல் போல ஒலிப்பது. லண்டனில் பத்துக்கு ஐந்து மதிப்பெண் பெறும் பெண் பாத் நகரில் பத்துக்குப் பத்து என்ற பொருளில் ஒரு வசனம் வருகிறதே, அதைக் கேட்டதும் எனக்குத் திரையில் இருந்த வீடே அட்டைச் சுவராகத் தெரிந்தது.

மறுமொழி: கொலுசொலி

எனக்கு அந்தப் படம் அவ்வளவு மோசமாகப் படவில்லை. மேரியாக மியா மெக்கென்னா-புரூஸ், சர் வால்டராக ரிச்சர்ட் இ. கிராண்ட் இருவரும் வரும் இடங்களை இரண்டாம் முறையும் பார்த்தேன். என் மகள் அதைப் பார்த்த பிறகுதான் நாவலைக் கையில் எடுத்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நிழற்பட்டறை அவர்கள் சொன்ன உடை, பேச்சு முரண்பாடு உண்மை. ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி'யைத் தழுவியது. செட்டிநாட்டு வீடு, அங்கிருந்து சென்னைக்கு வரும் குடும்பம், மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் தபு, காலை இழந்த ராணுவ மேஜராக மம்மூட்டி என்று எல்லாமே இடம் பெயர்ந்துவிட்டன. அதனால் நாவலைப் படித்தவர்கூட மம்மூட்டியிடம் நாவலின் ஆங்கிலேயக் கர்னலைத் தேடுவதில்லை. அந்தக் கர்னலின் பொறுமை இவரிடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார், அது இருக்கிறது. முழுவதும் மாற்றியவரிடம் காட்டும் தாராளத்தை, பாதி மாற்றியவரிடம் நாம் காட்டுவதில்லை.

மறுமொழி: திண்ணைவாசகி

மூவருக்கும் நன்றி. கதைசொல்லியின் நையாண்டி ஆனின் வாய்க்குப் போனது என்ற விளக்கம், எங்கள் மூத்த உறுப்பினர் சொல்ல வந்ததை எனக்குத் தெளிவாக்கியது.

ஒரு துணைக்கேள்வி. எங்கள் வட்டத்தில் எல்லோரும் காத்திருந்தது கடிதக் காட்சிக்காகத்தான். படத்திலும் கடிதம் வந்தது, வாசகங்களும் பெரும்பாலும் ஆஸ்டினுடையவைதாம், அவள் ஓடவும் செய்தாள். ஆனாலும் நாவலில் கண்ணீர் வந்தவர்களுக்குப் படத்தில் வரவில்லை. அதே சொற்கள் இருந்தும் ஏன் இப்படி? மற்ற இரண்டு படங்களில் அந்தக் காட்சி எப்படி அமைந்திருக்கிறது?

மறுமொழி: பழம்புத்தகம்

கடிதத்தின் பலம் கடிதத்துக்கு முன்னால் நடப்பதில் இருக்கிறது. 23-ஆம் அத்தியாயத்தில் பாத் நகரின் விடுதி அறை ஒன்று. ஆட்கள் நிறைய, பேச்சுச் சத்தம் நிறைய. வென்ட்வொர்த் ஒரு மேசையில் உட்கார்ந்து நண்பர் ஹார்வில்லுக்காக ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். ஜன்னலருகே ஆனும் ஹார்வில்லும், பிரிவில் நெடுநாள் மறவாதவர் ஆணா பெண்ணா என்று விவாதிக்கிறார்கள். புத்தகங்களெல்லாம் பெண்ணின் நிலையற்ற மனத்தைத்தானே பாடுகின்றன என்கிறார் ஹார்வில். எழுதுகோல் ஆண்கள் கையில் இருந்ததால் புத்தகச் சான்று செல்லாது என்கிறாள் ஆன். நம்பிக்கை அற்றுப்போன பின்பும் நேசித்துக்கொண்டிருப்பதே தன் இனத்துக்குத் தான் கோரும் ஒரே தனியுரிமை என்று அவள் சொல்லி முடிக்கிறாள். நடுவில் அறையின் மறுபுறத்தில் ஒரு சிறு ஓசை. வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுந்திருக்கிறது. அப்போதுதான் அவர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பது ஆனுக்கே உறைக்கிறது. நாவல் முழுவதும் பிறர் பேச்சை ஓரமாய் நின்று கேட்டு வந்தவள் ஆன். முதன்முறையாக அவள் பேச, அவர் கேட்கிறார். கடிதம் அதற்கு அவர் எழுதும் பதில். ஆகவே இதுவரை பேசாதவள் பேசினால்தான் பேனா விழும். 2022 படத்தில் அவள் ஒன்றரை மணி நேரமாகப் பேசிக்கொண்டே இருந்தாளே.

2007 படத்துக்கு வேறு குறை. மறவாமையைப் பற்றிய அந்த விவாதத்தை அங்கே முன்னதாகவே, லைமில், வென்ட்வொர்த்தின் இன்னொரு நண்பரான கேப்டன் பென்விக்கோடு நடப்பதாக மாற்றிவிட்டார்கள். அதனால் கடிதம் காரணமில்லாமல் வந்து விழுகிறது. அதை ஈடுகட்டவோ என்னவோ, ஆன் பாத் தெருக்களில் மூச்சிரைக்க ஓடுகிறாள். சாலி ஹாக்கின்ஸின் முகம் அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது என்பேன். வாசகர்களில் பலர் அந்த ஓட்டத்தை இன்றும் மன்னிக்கவில்லை. 1995 படத்தில் விவாதம் அதற்குரிய இடத்திலேயே, அதே அறையிலேயே நடக்கிறது. கடிதத்தைப் படிக்கும்போது அவருடைய குரலும் அவளுடைய குரலும் சேர்ந்து ஒலிக்கின்றன. நாயகியை ஓடவிடாமல் உட்கார வைத்தே படிக்கவிடுகிறார் இயக்குநர்.

உங்கள் வட்டத்தாருக்குச் சுவையாக இருக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. இந்த முடிவு ஆஸ்டின் முதலில் எழுதியது அன்று. 1816 ஜூலையில் அவர் நாவலை முடித்தபோது கடிதமும் இல்லை, ஹார்வில்லோடு விவாதமும் இல்லை. ஆனுக்கும் அவளுடைய உறவினர் எலியட்டுக்கும் திருமணம் என்று கேள்விப்பட்ட அட்மிரல் கிராஃப்ட் (வென்ட்வொர்த்தின் தமக்கை கணவர்), அப்படியானால் தாம் வாடகைக்கு இருக்கும், எலியட் குடும்பத்தின் கெல்லிஞ்ச் மாளிகையை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று அவளிடம் கேட்டுவரும் பொறுப்பை வென்ட்வொர்த்தின் தலையில் கட்டுகிறார். அவர் தட்டுத்தடுமாறிக் கேட்கிறார், அவள் அந்தச் செய்தி பொய் என்கிறாள், இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். அது சப்பென்று இருப்பதாக ஆஸ்டினுக்கே உறுத்தியது என்று அவருடைய அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. உடல்நலம் குன்றியிருந்த அந்த நாட்களிலேயே அந்த அத்தியாயத்தை நீக்கி, அதனிடத்தில் இரண்டு புதிய அத்தியாயங்களை எழுதி ஆகஸ்ட் தொடக்கத்தில் முடித்தார். 1817 ஜூலையில் அவர் மறைந்தார். நாவல் அவ்வாண்டு டிசம்பரில்தான் அச்சில் வந்தது. நீக்கிய அத்தியாயத்தின் கையெழுத்துப்படி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பழைய முடிவில் பிறர் அனுப்பிய தூது காதலரைச் சேர்த்து வைத்தது. திருத்திய முடிவில் ஆனின் சொல்லே சேர்த்து வைக்கிறது. வாசகர் அந்தக் காட்சியில் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு, ஆசிரியர் தாமே ஒருமுறை திருப்தியடையாமல் மீண்டும் உட்கார்ந்து உருவாக்கியது. அதில் கைவைக்கும் திரைக்கதையாளர் அதைவிட வலுவான ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

நிக் டியர் எழுதிய 1995 திரைக்கதையில் அட்மிரலின் தூதும் சுருக்கமாக இடம்பெறுகிறது, ஆனால் அது எதையும் தீர்ப்பதில்லை. தூது வருகிறது, குழப்பம் கூடுகிறது, பிறகே விடுதி அறை. நீக்கப்பட்ட பகுதியைப் பயன்படுத்தியும் திருத்திய முடிவைக் கெடுக்காமல் விட்ட அந்தக் கைப்பக்குவத்துக்காகவே அதை நான் பரிந்துரைக்கிறேன்.

மறுமொழி: நிழற்பட்டறை

நானும் 1995-க்கே வாக்களிக்கிறேன், ஒரு மறுப்போடு. கடிதத்துக்குப் பிறகு பாத் தெருவில் இருவரும் முத்தமிட்டுக்கொள்ள, பின்னால் சர்க்கஸ் ஊர்வலம் ஒன்று போகிறதே, அது நாவலில் இல்லை. 1815-இல் அந்தக் குடும்பத்துப் பெண் நடுத்தெருவில் அப்படி நிற்பதும் நடவாத காரியம். கப்பலில் முடியும் கடைசிக் காட்சியும் படத்தார் சேர்த்ததே. எனினும் கடலோடியின் மனைவியாவதில் ஆன் பெருமைப்படுகிறாள் என்று நாவலின் இறுதிப் பத்தி சொல்வதால், அது எனக்கு உறுத்தவில்லை.

திரையிடும்போது ஒரு வசதி செய்யுங்கள். படம் வேகமாகத் தொடங்குகிறது. யாருக்கு யார் என்ன உறவு என்று நின்று விளக்காது. நாவலைப் படித்தவர்களே திணறுவார்கள், ஏனெனில் மேரியின் கணவர் சார்லஸ், அவர்களுடைய மகன் சார்லஸ், நாத்தனாரை மணக்க விரும்பும் முறைப்பையனும் சார்லஸ். உறவுமுறையை ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டால், முதல் பத்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிராது. வசனங்கள் தாழ்ந்த குரலில் இருப்பதால் ஆங்கிலத் துணைத்தலைப்புகளையும் போட்டுவிடுங்கள்.